இன்டர்ன்ஷிப் நடுவுல ஃப்ரெண்ட்ஸோட ட்ரிப்: "அங்கிருந்தே வேலை பார்த்துக்கறேன்"னு கிளம்புறதுக்கு முன்னாடி இதப் படிங்க

சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைச்ச முக்காவாசி பேருக்கு அதே சம்மர்ல ஃப்ரெண்ட்ஸோட ஒரு ட்ரிப் பிளானும் சைடுல ஓடிட்டு தான் இருக்கும். காலேஜ் முடியப்போகுது, அப்புறம் ஆளுக்கு ஒரு திசையில போயிடுவோம், இப்ப விட்டா இனி எப்பன்னு ஒரு தவிப்பு எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ரெண்டையும் சேர்த்து பண்ண முடியுமான்னு கேட்டா கண்டிப்பா முடியும். ஆனா எப்படின்னு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல. சீனியர்ஸ் கிட்ட போனா ரெஸ்யூமே, இன்டர்வியூ, பிபிஓ (PPO, இன்டர்ன்ஷிப் பண்ண கம்பெனியே குடுக்கிற வேலை ஆஃபர்)ன்னு மணிக்கணக்கா பேசுறாங்க, லீவ் எப்படி கேக்கறதுன்னு மட்டும் யாரும் வாயத் திறக்கறது இல்ல. எனக்கு காசும் போச்சு, ட்ரிப்பும் அரைகுறையா போச்சு, ரொம்ப நாள் பயந்துட்டே திரிஞ்சேன். வேற யாரும் இப்படி தனியா கிடந்து அல்லாடக் கூடாதுன்னு தான் நடந்தத அப்படியே எழுதுறேன்.

எங்க கேங்ல ஆளுக்கு ஒரு கம்பெனி. ஒருத்தருக்கு எட்டு வாரம், ஒருத்தருக்கு பன்னெண்டு வாரம், எனக்கு பத்து வாரம். ஆரம்பிக்கிற தேதியும் வேற முடியற தேதியும் வேற. குரூப்ல போல் (ஓட்டெடுப்பு) போட்டு போட்டு கடைசில எல்லாருக்கும் ஒத்து வந்தது ஒரே ஒரு வார இறுதி தான், அதோட வெள்ளியும் திங்களும் சேர்த்துக்கணும். அப்போ எல்லாரும் சொன்ன ஒரே விஷயம், "ரெண்டு நாள் தானடி, லாப்டாப்ப தூக்கிட்டு வந்துடு, அங்கிருந்தே வேலை பாரு." கேக்க எவ்ளோ ஈசியா இருக்கு பாருங்க. அந்த ஒரு வரி தான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

ஆஃபர் லெட்டர்ல லீவ் பத்தி ஒரு பாரா இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்துல. அத டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எடுத்து ஒரு தடவ நிதானமா படிங்க. பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு இருக்கிற மாதிரி சம்பளத்தோட லீவ் இன்டர்ன்ஸுக்கு பல எடத்துல கிடையாது. சில எடத்துல மாசத்துக்கு ஒண்ணு குடுப்பாங்க, சில எடத்துல எடுத்த நாளுக்கு ஸ்டைப்பெண்ட்ல (இன்டர்ன்ஸுக்கு மாசாமாசம் தர்ற பணம்) பிடிப்பாங்க, இன்னும் சில எடத்துல எடுத்த நாள கடைசில சேர்த்து வேலை பார்க்க சொல்லுவாங்க. இந்த மூணாவது தான் கொஞ்சம் சிக்கல், ஏன்னா முடியற தேதி தள்ளிப் போனா காலேஜ் திறக்கற தேதியோட இடிக்கும், கம்ப்ளீஷன் சர்டிபிகேட்ல எத்தன வாரம்னு காலேஜ் பார்க்கும். எனக்கு ஸ்டைப்பெண்ட்ல பிடிக்கிற வகை. படிச்சிருந்தேன், சரி பரவால்லன்னு தான் நெனச்சேன்.

மேனேஜர் கிட்ட தயங்கித் தயங்கி போய் கேட்டேன். அவர் நல்ல மனுஷன், ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "தாராளமா போயிட்டு வா, திங்கள் மட்டும் லீவ் போடு, வெள்ளிக்கிழமை அங்கிருந்தே லாகின் பண்ணிக்கோ, எதுக்கு ரெண்டு நாள் காச விடற"ன்னாரு. எனக்கு சந்தோஷம் தாங்கல, அன்னைக்கு ராத்திரியே டிக்கெட் போட்டாச்சு. ரீஃபண்ட் இல்லாத டிக்கெட், ஏன்னா ரீஃபண்ட் வர்ற டிக்கெட்டுக்கும் அதுக்கும் நல்ல வித்தியாசம் இருந்துச்சு, ஸ்டைப்பெண்ட்ல ஓட்டுறவங்களுக்கு அது சின்ன தொகை இல்ல. தங்கற எடத்துக்கும் குரூப்பா சேர்ந்து முழு பணத்தையும் கட்டிட்டோம்.

கிளம்பறதுக்கு முந்தின வாரம் ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்துச்சு. என் மேனேஜர் வேற ப்ராஜெக்ட்டுக்கு மாறிட்டாரு. அவருக்குப் பதிலா வந்தவங்களுக்கு என்னையும் தெரியாது, என் ட்ரிப்பும் தெரியாது. அதே வாரத்துல மிட் ரிவ்யூவ, அதாவது இன்டர்ன்ஷிப் பாதியில அதுவரைக்கும் பண்ண வேலைய காட்டுற மீட்டிங்க, முன்னாடி தள்ளிட்டாங்க, எந்த நாளுக்குன்னு பார்த்தா சரியா அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரிவ்யூல உக்கார வேண்டிய பெரியவர் ஒருத்தர் அடுத்த வாரம் ஊர்ல இல்லையாம். காலண்டர் இன்வைட் வந்தத பார்த்ததும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. புது மேனேஜர் கிட்ட போய் "அவர் ஓகே சொல்லியிருந்தாரு"ன்னு சொன்னா, "எங்க சொன்னாரு, மெயில் இருக்கா"ன்னு தான் மொத கேள்வி. அவங்க கேட்டதுல தப்பே இல்ல. வாய்ல சொன்ன பர்மிஷன் சொன்ன ஆள் அந்த சீட்ல இருக்கற வரைக்கும் தான் செல்லும்.

அதனால மேனேஜர் வாயால சரின்னு சொன்ன அடுத்த அஞ்சு நிமிஷத்துல ஒரு சின்ன மெயில் போட்டுடுங்க. பெரிய கடிதம் எல்லாம் வேண்டாம். "இன்னைக்கு பேசின மாதிரி இந்தத் தேதியில வெளியூர் போறேன், இந்த நாள் லீவ், இந்த நாள் வெளியிலருந்து வேலை. அதுக்கு முன்னாடி இந்த இந்த வேலைய முடிச்சு குடுத்துடுவேன். நான் இல்லாதப்ப எதாவது தேவைப்பட்டா என் கூட வேலை பார்க்கிற இவங்களுக்கு விவரம் தெரியும். அந்த நாட்கள்ல ரிவ்யூ எதும் வராத மாதிரி பார்த்துக்க முடியுமா?" அவ்ளோ தான். ஹெச்ஆர சிசில வைங்க. போர்ட்டல்ல லீவ் அப்ளை பண்ணி அப்ரூவல் வர்ற வரைக்கும் பாருங்க. டீம் காலண்டர்லயும் அந்த நாள பிளாக் பண்ணி வைங்க, ஏன்னா மீட்டிங் வைக்கிறவங்க உங்க மெயில தேடிப் படிக்க மாட்டாங்க, காலண்டர்ல காலியா இருக்கான்னு மட்டும் தான் பார்ப்பாங்க. இவ்ளோவும் முடிஞ்சப்புறம் டிக்கெட் போடுங்க, ரெண்டு மூணு நாள் லேட் ஆனதுல டிக்கெட் விலை கொஞ்சம் ஏறினாலும் பரவால்ல.

என் விஷயத்துல புது மேனேஜர் கடைசில, "சரி, டிக்கெட் போட்டுட்ட, அங்கிருந்தே ரிவ்யூல சேர்ந்துக்கோ, ஸ்க்ரீன் ஷேர் பண்ணி காட்டிடு"ன்னு சொன்னாங்க. அவங்க அளவுக்கு அது ஒரு சலுகை தான். எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா அந்த வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நாள என் வாழ்க்கையில இன்னொரு தடவ பார்க்க நான் தயாரா இல்ல.

காலையில போய் இறங்கினோம். மலைப்பக்கம், எடம் அவ்ளோ அழகு. எல்லாரும் பேக தூக்கிப் போட்டுட்டு வெளிய ஓடுறாங்க, நான் ரூம்ல வைஃபை பாஸ்வேர்ட் தேடிட்டு இருக்கேன். வைஃபை கனெக்ட் ஆச்சு, ஆனா ரூம் நம்பர் போட்டு லாகின் பண்ற பக்கம் ஒண்ணு வரணும்ல, அது வரவே இல்ல, ஏன்னா ஆபீஸ் லாப்டாப்ல விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோட பாதுகாப்பா இணைக்கிற சாஃப்ட்வேர்) தானா ஆன் ஆகி வேற எதையும் திறக்க விடல. ரிசப்ஷன்ல இருந்தவருக்கு நான் சொல்றது புரியல. சரின்னு போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன். அடுத்து ஆபீஸ் லாகின் ஓடிபி கேட்டுச்சு, எஸ்எம்எஸ்ல வரணும். ரூம்ல டவர் சரியா நிக்கல. வெளிய வந்து படிக்கட்டுல ஒரு குறிப்பிட்ட படியில நின்னா தான் ஒரு கோடு வருது, அது நாலா மாறுற மாதிரி காட்டிட்டு திரும்ப ஒண்ணாகுது. ஓடிபி வந்து சேரும்போது அதோட நேரம் முடிஞ்சிருக்கு. திரும்பத் திரும்ப போட்டதுல அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு. ஹெல்ப்டெஸ்க்குக்கு கூப்பிட்டா, நான் தான் நான்னு மேனேஜர் உறுதி பண்ணா தான் திறப்பாங்களாம். மேனேஜர் மீட்டிங்ல. மதியம் வரைக்கும் அந்தப் படியிலயே உக்காந்திருந்தேன், அழுகை வந்துட்டே இருந்துச்சு, அந்தப் பக்கம் போறவங்க பார்க்கக் கூடாதேன்னு லாப்டாப்ப முறைச்சுட்டே இருந்தேன்.

இங்க கொஞ்சம் நின்னு டெக்னிக்கல் விஷயத்த சொல்லிடறேன், இது தெரிஞ்சிருந்தா பாதி நாள் மிச்சமாகியிருக்கும். எஸ்எம்எஸ் ஓடிபிக்கு டவர் வேணும். ஆதென்டிகேட்டர் ஆப்ல (லாகின் பண்றது நீங்க தான்னு உறுதி பண்ற போன் ஆப்) "அப்ரூவ்" அழுத்தச் சொல்லி நோட்டிபிகேஷன் வர்றதுக்கு போன்ல நெட் வேணும். ஆனா அதே ஆப்ல 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறுற ஆறு இலக்க நம்பர் இருக்கு பாருங்க, அதுக்கு டவரும் வேண்டாம் நெட்டும் வேண்டாம். முதல்ல செட் பண்ணும்போதே ஒரு ரகசிய கீ போன்ல சேவ் ஆகிடும், அப்புறம் போன்ல ஓடுற நேரத்த வச்சு நம்பர அதுவே கணக்கு போட்டுக்கும். போன்ல டைம் சரியா இருந்தா மட்டும் போதும். கிளம்பறதுக்கு முன்னாடியே ஐடி டீம் கிட்ட சொல்லி இந்த முறைய செட் பண்ணி வாங்கிடுங்க, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வெளிய, வீட்டுல போன் ஹாட்ஸ்பாட்ல ஒரு தடவ முழுசா லாகின் பண்ணிப் பாருங்க. தங்கற எடத்துல "வைஃபை இருக்கு"ன்னு சொன்னா நம்பாதீங்க, ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்க. அதுல எல்லாரும் டவுன்லோட மட்டும் பார்ப்பாங்க, நீங்க ஸ்க்ரீன் ஷேர் பண்ணணும்னா அப்லோட் தான் முக்கியம். வீடியோ மீட்டிங் தடங்கல் இல்லாம ஓட அப்லோட் ஸ்பீட் ஒரு 3, 4 எம்பிபிஎஸ் (Mbps) நிலையா கிடைக்கணும், அதுவும் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதே வைஃபைல வீடியோ பார்த்துட்டு இருக்கும்போது. ரெண்டு வேற வேற நெட்வொர்க் சிம் கைல இருந்தா நல்லது. பவர் பேங்க் எடுத்துட்டு போறீங்கன்னா, ஃப்ளைட்ல அத கைப்பைல தான் வைக்கணும், செக்-இன் பண்ற பைல விட மாட்டாங்க.

வெளிநாடு போறதா இருந்தா கதையே வேற. வேற நாட்டுலருந்து லாகின் ஆனா பல கம்பெனில செக்யூரிட்டி டீமுக்கு உடனே அலர்ட் போகும், அக்கவுண்ட்டயே முடக்கிடுவாங்க. சில கம்பெனில லாப்டாப்ப நாட்டுக்கு வெளிய கொண்டு போகவே எழுத்துல அனுமதி வேணும். டூரிஸ்ட் விசால போய் ஆபீஸ் வேலை பார்க்கறதும் பல நாட்டுல சிக்கலான விஷயம். அந்த மாதிரி ட்ரிப்புக்கு லாப்டாப்ப தொடாதீங்க, முழு லீவ் மட்டும் தான்.

சாயங்காலம் ரிவ்யூ. எப்படியோ அக்கவுண்ட் திறந்து குடுத்துட்டாங்க. அதே படியில உக்காந்து சேர்ந்தேன். நாலாவது ஸ்லைட்ல பேசிட்டே இருக்கேன், அந்தப் பக்கம் சத்தமே இல்ல, அப்புறம் விட்டு விட்டு "உங்க ஸ்க்ரீன் நின்னுடுச்சு"ன்னு ஒரு குரல். கட் ஆகி திரும்ப சேர்றதுக்குள்ள அடுத்த இன்டர்ன பேச விட்டுட்டாங்க. கடைசில எனக்கு மிச்சம் கிடைச்சது கொஞ்ச நேரம், அதுல வாரக்கணக்கா பண்ண வேலைய மென்னு முழுங்கி சொல்லி முடிச்சேன். இதே நேரத்துல கீழ ஜீப் நிக்குது. வியூ பாயிண்ட்டுக்கு இருட்டறதுக்குள்ள போகணும்னு டிரைவர் ஹாரன் அடிச்சுட்டே இருக்காரு. ஃப்ரெண்ட்ஸ் எனக்காக போகாம காத்துட்டு இருந்தாங்க. நான் முடிச்சு இறங்கும்போது வெளிச்சம் போயிடுச்சு. யாரும் திட்டல. ஒருத்தி மட்டும் மெதுவா, "நீ இவ்ளோ கஷ்டப்பட்டு வந்திருக்கவே வேண்டாம்டி"ன்னா. அவ அக்கறையா தான் சொன்னா, ஆனா எனக்கு ரிவ்யூ சொதப்பினத விட அது தான் ரொம்ப வலிச்சுது. அங்க ஆபீஸ்லயும் நான் முழுசா இல்ல, இங்க இவங்க கூடவும் முழுசா இல்ல.

அடுத்த நாள் காலைல புது மேனேஜர் கிட்டருந்து மெசேஜ், ரிவ்யூ முழுசா நடக்காததால திங்கள் காலைல நேர்ல வந்து திரும்ப காட்ட முடியுமான்னு. மாட்டேன்னு சொல்ல தைரியம் வரல. ஞாயித்துக்கிழமை மதியமே நான் மட்டும் தனியா கிளம்பினேன், கடைசி நேர டிக்கெட், போட்டதிலயே அது தான் காஸ்ட்லி. வர்றப்ப எல்லாரும் ஒண்ணா போட்ட ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு ஒரு ரூபா கூட திரும்ப வரல. தங்கின எடத்துல மிச்ச ராத்திரிக்கான என் பங்கும் போச்சு. எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா ஒரு மாச ஸ்டைப்பெண்ட்ல பாதிக்கு மேல. வெள்ளிக்கிழமையும் சேர்த்து ரெண்டு நாள் லீவ் போட்டிருந்தா பிடிச்சிருக்கிற காசு இதுல ஒரு சின்ன பங்கு தான்.

அப்புறம் உக்காந்து ஒரு கணக்கு போட்டேன், அத உங்களுக்கும் சொல்றேன். பத்து வார இன்டர்ன்ஷிப்னா வேலை நாள் 50. முதல் வாரம் ஐடி கார்டு, லாப்டாப், ட்ரெயினிங்னு போயிடும், கடைசி வாரம் ஃபைனல் பிரசன்டேஷன், ஹேண்ட் ஓவர்னு போயிடும். உண்மையா வேலை நடக்கறது 40 நாள். அதுல ரெண்டு நாள்னா நூத்துக்கு அஞ்சு. அஞ்சு சதவீதத்துக்காக எந்த மேனேஜரும் உங்கள வேண்டாம்னு சொல்லப் போறது இல்ல. எந்த ரெண்டு நாள்ங்கறது தான் கேள்வி. மிட் ரிவ்யூ முடிஞ்ச அடுத்த வார இறுதி தான் என்னைப் பொறுத்தவரை பெஸ்ட், அப்போ ஃபீட்பேக்கும் கைல இருக்கும், ஃபைனலுக்கு நேரமும் இருக்கும். ரிவ்யூவுக்கு முந்தின வாரம் வேண்டாம், ரிவ்யூ தேதி இப்படி முன்ன பின்ன நகர்றது ரொம்ப சகஜம். கடைசி ரெண்டு வாரம் வேண்டவே வேண்டாம், யாருக்கு ஆஃபர் குடுக்கலாம்னு உள்ள பேசறது பெரும்பாலும் உங்க கடைசி நாளுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். இன்டர்ன்ஷிப் முடிஞ்சு காலேஜ் திறக்கறதுக்கு நடுவுல நாலு நாள் இடைவெளி கிடைச்சா அதுக்கு மேல எதும் கேக்க வேண்டாம், கேங்ல எல்லாரோட கடைசி தேதியையும் மொதல்ல எழுதிப் பார்த்துட்டு அப்புறம் போல் போடுங்க.

"அங்கிருந்தே வேலை"ங்கறத நான் இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். லீவ் போட்டா போடுங்க, போன்ல ஆபீஸ் ஆப்ப லாக் அவுட் பண்ணிட்டு, ஆட்டோ ரிப்ளை வச்சிட்டு, நிம்மதியா போங்க. லாப்டாப்ப வீட்டுலயே பூட்டி வைங்க, ஜீப்ல, ரூம்ல, பஸ்ல அது தொலைஞ்சா ட்ரிப் முழுக்க அந்த விசாரணைலயே போயிடும். இல்ல லீவ் கிடைக்கலயா, சனி ஞாயிறு மட்டும் போயிட்டு வாங்க, ஞாயிறு சாயங்காலமே வீட்டுல இருக்கிற மாதிரி. ராத்திரி பஸ்ல வந்து காலைல நேரா ஆபீஸ் போயிடலாம்னு மட்டும் பிளான் போடாதீங்க, வழியில ஒரு டிராஃபிக், ஒரு பஞ்சர் போதும்.

லீவ் தர மாட்டாங்கன்னு பயந்து உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வர்றவங்களும் இருக்காங்க. எங்க கேங்லயே ஒருத்தன் அப்படி வந்தான். அவன் நிம்மதியா ஒரு போட்டோல நிக்கல, மத்தவங்களையும் ஸ்டோரி போட விடல. அப்படியும் யாரோ ஒருத்தர் போட்ட வீடியோல ஓரமா தெரிஞ்சு, அவன் கூட வேலை பார்க்கற இன்டர்ன் ஒருத்தி "காய்ச்சல் எப்படி இருக்கு"ன்னு மெசேஜ் பண்ணா. அவ யார் கிட்டயும் சொல்லல, ஆனா மிச்ச நாள் பூரா அவன் முகத்த பார்க்கவே பாவமா இருந்துச்சு. பொய் சொல்லாம கேட்டா கிடைக்கிற லீவ் அது.

ஃப்ரெண்ட்ஸ் கூட காசு விஷயத்தையும் முன்னாடியே பேசிடுங்க, கூச்சமா இருந்தாலும். வீடு, வண்டி இதெல்லாம் எத்தன பேர் வந்தாலும் ஒரே தொகை, அதனால ஒருத்தர் கடைசி நேரத்துல கழண்டா அவங்க பங்க அவங்களே குடுக்கணும். சாப்பாடு, டிக்கெட் மாதிரி தலைக்கு இவ்ளோன்னு வர்றது வராதவங்களுக்கு கிடையாது. இந்த ரெண்டையும் பிரிச்சு குரூப்ல ஒரு மெசேஜா போட்டு எல்லாரும் ஓகே சொல்லிட்டா அப்புறம் மனஸ்தாபம் வராது. எங்களுக்குள்ள இது பேசாம விட்டதால நான் சீக்கிரம் கிளம்பின ராத்திரிக்கான காச யார் தர்றதுன்னு கொஞ்ச நாள் யாரும் யார் கிட்டயும் சரியா பேசல, கடைசில நானே குடுத்துட்டேன்.

திங்கள்கிழமை ரிவ்யூ நல்லா போச்சு, அத சொல்லிடறேன். தூக்கமே இல்லாம போய் நின்னேன், ஆனா நேர்ல காட்டினதால அவங்களுக்கு புரிஞ்சுது, கேள்வி கேட்டாங்க, பதில் சொன்னேன். அன்னைக்கு போர்ட்டல்ல லீவ் போட்டிருந்தேன்ல, ஆனா வந்து வேலை பார்த்தேன், அத ரத்து பண்ணணும்னு எனக்கும் யாரும் சொல்லல, அவங்களுக்கும் ஞாபகம் இல்ல. மாசக் கடைசில ஸ்டைப்பெண்ட் வந்தப்ப திங்களுக்கும் பிடிச்சிருந்தாங்க, வெள்ளிக்கிழமை லாகின் நேரம் கம்மின்னு அதுக்கும் அரை நாள் பிடிச்சிருந்தாங்க. ஹெல்ப்டெஸ்க் டிக்கெட் நம்பர், ரிவ்யூ இன்வைட், மேனேஜர் அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் சேர்த்து ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன். அந்த மாச பேரோல் (சம்பளக் கணக்கு) முடிஞ்சிடுச்சு, அடுத்த மாசத்துல சேர்த்து தர்றோம்னாங்க. அடுத்த மாசம் நான் அங்க இல்ல, கடைசி நாள் சாயங்காலமே ஆபீஸ் மெயில மூடிட்டாங்க, பேஸ்லிப் வர்றது அந்த மெயிலுக்கு. நல்லவேளை என் சொந்த மெயில் ஐடிய ஹெச்ஆருக்கு போட்ட மெயில்லயே குடுத்து வச்சிருந்தேன், அதனால காசு வந்துச்சு. நீங்களும் கடைசி நாளுக்கு முன்னாடியே பேஸ்லிப், ரிவ்யூ ஃபீட்பேக், லீவ் அப்ரூவல், சர்டிபிகேட் மாதிரி உங்க சொந்த பேப்பர்ஸ மட்டும் ஹெச்ஆர் கிட்ட கேட்டு சொந்த மெயிலுக்கு அனுப்பி வாங்கிடுங்க, போர்ட்டல்ல லீவ் கணக்கு சரியா இருக்கான்னு பேரோல் தேதிக்கு முன்னாடி ஒரு தடவ திறந்து பார்த்துடுங்க.